செவில்லாவில் எந்த ஏரியாவில் தங்குவது? சாந்தா க்ரூஸா, ட்ரியானாவா, ஸ்டேஷன் பக்கமா?

கோவைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரலில் ஸ்பெயின் போகிறோம். நான், கணவர், ஏழு வயது மகள், கூட அப்பா அம்மா. மாட்ரிட்டில் இறங்கி ரயிலில் செவில்லா, பிறகு கிரனாடா, திரும்ப மாட்ரிட். செவில்லாவில் நாலைந்து இரவு. மாட்ரிட்டுக்கு ரூம் போட்டாயிற்று. செவில்லாவில்தான் தலையைச் சுற்றுகிறது.

பார்த்து வைத்திருப்பவை: சாந்தா க்ரூஸில் இரண்டு பெட்ரூம் அபார்ட்மெண்ட் ஒன்று. மொட்டைமாடியிலிருந்து பேராலயத்து மணிக்கோபுரமான ஹிரால்டா தெரிகிறது, படத்தைப் பார்த்ததிலிருந்து மகள் வேறு எதையும் பார்க்க விடமாட்டேன் என்கிறாள். ட்ரியானாவில் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. சாந்தா ஹூஸ்தா ரயில் நிலையம் அருகில் ஒரு ஹோட்டல், விலை நன்றாகக் குறைவு.

அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ஒரு வருடம் ஆகிறது. சமதரையில் நன்றாக நடப்பார், படி என்றால் நின்று நின்றுதான். அம்மா சுத்த சைவம், ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பாடு முடிந்தாக வேண்டும். தேடிய இடத்திலெல்லாம் "முதல் தடவை போனால் சாந்தா க்ரூஸ்" என்றே இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மாட்ரிட்_சுந்தர்:
ஏரியா இருக்கட்டும், முதலில் தேதியைச் சொல்லுங்கள். செவில்லாவில் மார்ச் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை தேதியைப் பார்க்காமல் இடத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

திண்ணை:
நான் சாந்தா க்ரூஸுக்கு ஓட்டு போடுகிறேன். அத்தனை பேரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்றால் அதில் விஷயம் இருக்கும். பேராலயம், அல்காசர் அரண்மனை இரண்டும் ஐந்து நிமிட நடை. பெரியவர்களோடு போகும்போது இதைவிட என்ன வேண்டும்?

ஆற்றங்கரை:
ட்ரியானா. வேறு பேச்சே கிடையாது. சாந்தா க்ரூஸ் நினைவுப்பொருள் கடை வீதி, அவ்வளவுதான்.

கோவைக்காரி:
@மாட்ரிட்_சுந்தர் அண்ணா, ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போகிறோம். செவ்வாய் மதியம் இறங்கி சனிக்கிழமை கிளம்புகிறோம். ஈஸ்டர் கூட்டம் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் இந்தத் தேதியை எடுத்தோம்.

மாட்ரிட்_சுந்தர்:
நினைத்தேன். அந்த வாரம்தான் ஃபெரியா. ஏப்ரல் திருவிழா என்பார்கள், வழக்கமாக ஈஸ்டருக்கு இரண்டு வாரம் கழித்து வரும். சில வருடம் மே மாதத்துக்கே தள்ளிப்போகும். நீங்கள் சொல்லும் செவ்வாய் முதல் சனி வரை அதன் நடுமையம்.

நடப்பது இதுதான். ட்ரியானாவுக்குத் தெற்கே லோஸ் ரெமேதியோஸ் என்று ஒரு பகுதி. அதன் ஓரத்தில் பெரிய மைதானம், அதற்குள் காளைச் சண்டை வீரர்கள் பெயரில் தெருக்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட துணிக் கூடாரங்கள். அவற்றில் பெரும்பாலானவை குடும்பங்களுக்கும் சங்கங்களுக்கும் சொந்தம். தெரிந்தவர் அழைக்காமல் உள்ளே போக முடியாது, பொதுக் கூடாரங்கள் கொஞ்சம்தான். பகலில் குதிரை வண்டிகளும் புள்ளிப் பாவாடைப் பெண்களும், பார்க்க அத்தனை அழகு. ஆனால் நகரம் முழுக்க அறை வாடகை தாறுமாறாக ஏறும், டாக்சி கிடைக்காது, நடுநகரில் பல கடைகள் பாதி நாள்தான் திறந்திருக்கும். அந்த வாரம் லோஸ் ரெமேதியோஸிலோ ட்ரியானாவின் தெற்குப் பக்கத்திலோ தங்கினால் விடியற்காலை வரை தூக்கம் கிடையாது.

திருவிழாவைப் பார்க்கவே போகிறோம் என்றால் வேறு கதை. உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

கோவைக்காரி:
ஐயையோ. விமான டிக்கெட் எடுத்தாயிற்றே. அதனால்தான் சாந்தா க்ரூஸ் வீடு அந்த விலை சொல்கிறதா! நான் அந்த ஊரே அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெல்லை_கணபதி:
அம்மா, விமானத்தைத் தொட வேண்டாம். ஊர் வரிசையை மாற்றுங்கள். மாட்ரிட்டிலிருந்து முதலில் கிரனாடா போய்விட்டு, பிறகு செவில்லா வாருங்கள். கிரனாடாவுக்கு 2019 முதல் அதிவேக ரயில் ஓடுகிறது. கிரனாடாவிலிருந்து செவில்லாவுக்கு நேரடி ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு, பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரம். முடிவில் செவில்லாவிலிருந்து மாட்ரிட்டுக்கு இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம். இந்தப் பாதையில் இப்போது மூன்று நிறுவனங்கள் வண்டி விடுகின்றன, முன்கூட்டி எடுத்தால் டிக்கெட் மலிவு.

ஒன்று மட்டும் பாருங்கள். கிரனாடாவில் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு அனுமதிச்சீட்டு வாங்கிவிட்டீர்களா? அதில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் தேதியும் இருக்கும். வாங்கியிருந்தால் இந்த யோசனை கைகொடுக்காது.

(ரயில்வேயில் காலம் தள்ளியவன். வரிசையை மாற்றுவது எனக்குப் பழகிய வேலை.)

கோவைக்காரி:
இன்னும் வாங்கவில்லை சார்! கிரனாடா ஹோட்டலையும் இலவசமாக ரத்து செய்யலாம். கணவரிடம் கேட்டுவிட்டேன், மாற்றிவிடலாம் என்கிறார். அப்படியானால் செவில்லாவுக்கு ஞாயிறு வருவோம். அன்று ராத்திரியோடு ஃபெரியா முடிந்துவிடுகிறது இல்லையா?

மாட்ரிட்_சுந்தர்:
ஞாயிறு நள்ளிரவு வாணவேடிக்கையோடு முடியும். ஆனால் அன்றைக்கு அறை வாடகை இன்னும் இறங்கியிருக்காது. திங்கள் வாருங்கள், ஒரே நாள் வித்தியாசத்தில் விலை எப்படி விழுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். அந்த ஒரு இரவைக் கிரனாடாவில் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கே வீணாகாது.

சரி, இப்போது ஏரியாவுக்கு வருவோம். செவில்லாவின் பழைய நகரம் பெரியது, ஆனால் தட்டையானது. மேடு பள்ளம் கிடையாது. பேராலயத்தை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே ஒட்டினாற்போல் சாந்தா க்ரூஸ். மேற்கே ஆறு வரைக்கும் எல் அரெனால். ஆற்றைக் கடந்தால் ட்ரியானா. வடக்கே கடைத்தெரு, அதைத் தாண்டி அலமேடா, அதற்கும் வடக்கே பழைய மதில் ஓரம் மக்கரேனா. தென்கிழக்கே சான் பெர்னார்தோ. கிழக்கே தள்ளி நெர்வியோன், அதற்கு வடக்கே சாந்தா ஹூஸ்தா ஸ்டேஷன். பேராலயத்திலிருந்து ட்ரியானா பாலம் கால் மணி நேர நடை, அலமேடா இருபது நிமிடம், ஸ்டேஷன் அரை மணி நேரம். அப்பா நடக்கும் வேகத்துக்கு இதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

நெல்லை_கணபதி:
ஸ்டேஷன் பக்கம் தங்குவது தவறில்லை, ஆனால் எதற்காக என்று தெரிந்து தங்க வேண்டும். கோர்தோபாவுக்கு ஒருநாள் போய் வர நினைத்தால் முக்கால் மணி நேர ரயில், அப்போது சாந்தா ஹூஸ்தா சௌகரியம். மற்றபடி அதைச் சுற்றி அகலச் சாலைகளும் அடுக்குமாடிகளும்தான். மாலையில் காலாற நடக்க அங்கே ஒன்றும் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பழைய நகரம் போய்விட்டுத் திரும்பும்போது தினமும் டாக்சிக்குக் கொடுப்பீர்கள். மிச்சம் பிடித்த காசு அதிலேயே கரையும்.

என் சிபாரிசு சான் பெர்னார்தோ. யாரும் சொல்லாத இடம். டிராம், மெட்ரோ, உள்ளூர் ரயில் மூன்றும் ஒரே இடத்தில். டிராம் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பேராலயத்து வாசல். காதிஸ் போகும் ரயிலும் இங்கே நிற்கும், கடலைப் பார்க்க ஒருநாள் போய் வரலாம். ஹோட்டல்கள் புதிய கட்டடங்கள், லிஃப்ட் கேட்கவே வேண்டாம்.

மெட்ரோவை நம்பி ஏமாற வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் 2009-இல் திறந்த ஒரே ஒரு பாதைதான் ஓடுகிறது. அது ஸ்டேஷனுக்கும் போகாது, விமான நிலையத்துக்கும் போகாது. வரைபடத்தில் எம் என்று பார்த்ததும் நம்ம ஊர் மெட்ரோ மாதிரி நினைத்துவிடக் கூடாது.

திண்ணை:
கணபதி சார், மரியாதையோடு மறுக்கிறேன். டிராம் பிடித்து ஊரைப் பார்க்கப் போவதற்கும் கதவைத் திறந்தால் ஊருக்குள் நிற்பதற்கும் வித்தியாசம் இல்லையா?

சாந்தா க்ரூஸைப் பகல் பதினொரு மணிக்குப் பார்த்துவிட்டு எல்லாரும் திட்டுகிறார்கள். அந்த நேரத்தில் குடை பிடித்த வழிகாட்டிகளும் பின்னால் ஐம்பது பேரும், உண்மைதான். அங்கேயே தங்குகிறவனுக்கு அந்த நேரம் கணக்கில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு மேல் நடந்து பாருங்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து, வெள்ளைச் சுவர், இரும்புக் கம்பி ஜன்னல், அதற்குள்ளே ஓடு பதித்த முற்றத்தில் நீர் சொட்டும் சத்தம். அந்தச் சந்துகளை வெயில் தரையில் விழாதபடி குறுக்கித்தான் கட்டியிருக்கிறார்கள். வெளியே கொளுத்தும்போதும் உள்ளே நிழல்.

யூதர்கள் வாழ்ந்த பகுதி அது. 1391-இல் கலவரம் வெடித்துப் பெரும் கொலை நடந்தது, மிஞ்சியவர்கள் மதம் மாறினார்கள், ஜெபக்கூடங்கள் தேவாலயங்களாயின. அந்தக் கற்களுக்கு நடுவே தங்குவதை வெறும் கடைத்தெரு என்று தள்ளிவிட மனசு வரவில்லை.

அப்புறம் நடைமுறை. வயதானவர்களோடு போகும்போது முக்கியம் மதியத் தூக்கம். காலையில் அல்காசர் பார்த்துவிட்டு அப்பாவை ஐந்து நிமிடத்தில் கட்டிலில் சாய வைக்கலாம். ட்ரியானாவில் இருந்தால் அதற்காகப் பாலம் தாண்டுவாரா?

ஆற்றங்கரை:
"அந்தக் கற்களுக்கு நடுவே" என்று உருகுகிறீர்கள். 1929-இல் செவில்லாவில் நடந்த பெரிய கண்காட்சியை ஒட்டி அந்தப் பகுதியைப் பயணிகளுக்காகவே சீர்படுத்தி அழகாக்கினார்கள். பாதி அழகு அப்போது பூசியது.

ட்ரியானாவைப் பற்றி ஒருவரும் ஒழுங்காக எழுதவில்லை, நான் எழுதுகிறேன். பாலத்தைத் தாண்டியதும் வலது பக்கம் சந்தை. அதற்கு அடியிலேயே சான் ஹோர்ஹே கோட்டையின் இடிபாடுகள், 1481 முதல் கத்தோலிக்க மத விசாரணை மன்றம் குடியிருந்த கோட்டை. மேலே தக்காளி விற்கிறார்கள். காலை ஒன்பதரைக்குப் போனால் மீன் கடையில் பாட்டிமார் பேரம், பக்கத்து மேடையில் ஒலிவக்காய் பத்து விதம், மூலையில் நின்றபடி காப்பியும் ஒலிவ எண்ணெய் ஊற்றி தக்காளி தேய்த்த ரொட்டியும். உங்கள் அம்மாவுக்கு அதுவே காலைச் சாப்பாடு. ஹாம் (பன்றி இறைச்சி) வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட வேண்டும். சந்தைக்குப் பின்னால் பழைய ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றை 2014-இல் மட்பாண்ட அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். செவில்லா முழுக்கப் பதித்திருக்கும் வண்ண ஓடுகளில் பெரும்பகுதி இந்தத் தெருக்களில் சுட்டவை.

சான் ஹசிந்தோ தெரு வண்டி போகாத அகலத் தெரு, நெடுக பெஞ்சு. மாலை ஏழு மணிக்கு மூன்று தலைமுறையும் அங்கே உட்கார்ந்திருக்கும். உங்கள் அப்பாவும் போய் உட்காரலாம், பாஷை தெரியாவிட்டாலும் பத்து நிமிடத்தில் யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்கள். சாந்தா க்ரூஸில் உட்கார வேண்டுமென்றால் ஏதாவது ஆர்டர் பண்ண வேண்டும்.

கோவைக்காரி:
இரண்டு பேர் எழுதுவதையும் படித்தால் இரண்டு இடத்திலும் தங்கத் தோன்றுகிறது! ட்ரியானாவில் நான் பார்த்த வீடு பெத்திஸ் தெருவில், ஆற்றைப் பார்த்தாற்போல். அது எப்படி?

பனங்காடு_பாரிஸ்:
பெத்திஸ் தெரு வேண்டாம் தங்கச்சி. ஆறு தெரியும், அக்கரையில் தங்கக் கோபுரம் தெரியும், எல்லாம் சரி. ஆனால் வரிசையாக பார்கள், வெள்ளி சனி இரவு சரியான சத்தம். ட்ரியானா என்றால் ஒரு தெரு உள்ளே தள்ளி, புரேசா பக்கமோ அல்ஃபரேரியா பக்கமோ பாருங்கோ.

உண்மையில் எந்த ஏரியா என்பதைவிட எந்தத் தெரு, எந்த மாடி, ஜன்னல் எந்தப் பக்கம் என்பதுதான் பெரிய கேள்வி. ஒரே சாந்தா க்ரூஸில் மத்தேயோஸ் காகோ தெருவில் ஜன்னல் என்றால் கீழே உணவக மேசைகள், நடுச்சாமம் வரை கதிரை இழுக்கிற சத்தம். அதே கட்டடத்தில் முற்றத்தைப் பார்த்த அறை என்றால் ஊசி விழுந்தாலும் கேட்கும், ஆனால் பகலிலும் லைட் போட வேண்டும். ஸ்பானியர்கள் விளம்பரத்தில் எக்ஸ்தெரியோர், இந்தெரியோர் என்று போடுவார்கள். முதலாவது தெருப் பக்கம், மற்றது உள்முற்றப் பக்கம். விமர்சனங்களில் ரூயிதோ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கோ, சத்தம் என்று அர்த்தம். அதில் நாலு பேர் புலம்பியிருந்தால் விட்டுவிடுங்கோ.

மாட்ரிட்_சுந்தர்:
பனங்காடு சொன்னதுதான் முக்கியம். அதோடு நானும் கொஞ்சம்.

லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். தெருமட்டத்திலிருந்தே லிஃப்ட் ஏறுமா என்று கேளுங்கள். பழைய கட்டடங்களில் வாசலுக்குள் ஏழெட்டுப் படி ஏறிய பிறகுதான் லிஃப்ட் கதவே வரும். விளம்பரத்தில் அதைச் சொல்லமாட்டார்கள். முதல் மாடி என்பதும் நம் கணக்கில்தான், தரைத்தளத்துக்கு மேலே. சில கட்டடங்களில் இடையில் இன்னொரு தளம் வேறு செருகியிருக்கும். ஹிரால்டா தெரிகிற மொட்டைமாடி என்றால் கடைசி மாடிக்குப் பிறகு குறுகலான சுழல்படி இருக்க நிறைய வாய்ப்பு. மகள் ஓடிவிடுவாள், அப்பா கீழேயே இருப்பார்.

இரண்டாவது, டாக்சி. நீங்கள் ஐந்து பேர். சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான். பெரிய வண்டி கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு டாக்சி. சாந்தா க்ரூஸின் உட்புறத் தெருக்களுக்கு எந்த வண்டியும் வராது, ஓரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து உருளைக்கல் தரையில் பெட்டியை இழுத்துக்கொண்டு, கூகுள் மேப் சந்துக்குள் குழம்ப, ஐந்து பேரும் அல்லாட வேண்டியதுதான்.

யாழினி:
சட்ட விஷயம் ஒன்று. அபார்ட்மெண்ட் எடுப்பதாக இருந்தால் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டலூசியா மாநிலப் பதிவு ஏற்கெனவே உண்டு. 2025 ஜூலை முதல் இணையத் தளங்களில் குறுகிய கால வாடகைக்கு விடும் வீடுகளுக்கு ஸ்பெயின் முழுவதற்குமான பதிவு எண்ணும் கட்டாயம். செவில்லாவில் இது சூடான விவகாரம். நடுநகரத்திலும் ட்ரியானாவிலும் உள்ளூர்க்காரர்களுக்கு வாடகை வீடு கிடைப்பதில்லை என்று கோபம். அனுமதி இல்லாத சுற்றுலா வீடுகளுக்குத் தண்ணீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று 2024-இல் நகராட்சியே அறிவித்தது. வாடகை கொடுத்துவிட்டு வாளியோடு நிற்க வேண்டாம்.

அதனால்தான் நான் முடிந்தவரை ஹோட்டலோ சிறு விடுதியோ எடுப்பேன். ஆற்றங்கரை ரசிக்கிற அந்த பெஞ்சுப் பாட்டிகள் அங்கேயே இருக்க வேண்டுமென்றால் அவர்கள் மாடியில் நாம் குடியேறக் கூடாது.

ஆற்றங்கரை:
சுருக்கென்று தைத்துவிட்டீர்கள் யாழினி. மறுக்க முடியவில்லை. ட்ரியானாவிலும் சின்ன ஹோட்டல்கள் இருக்கின்றன, அதையே சொல்கிறேன் இனி.

கோவைக்காரி:
எனக்கு அபார்ட்மெண்ட் தேவைப்படுவது சமையலறைக்காகத்தான். அம்மாவின் சாப்பாடு... அதற்கு என்ன வழி?

யாழினி:
நேரம்தான் பிரச்சினை, சைவம் அவ்வளவு பிரச்சினை இல்லை. உணவகங்களில் மதியம் சமையல் நாலு மணியோடு மூடினால் இரவு எட்டரைக்குத்தான் திறக்கும். எட்டு மணிக்குள் சாப்பிட வேண்டும் என்றால் மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குப் பெரிதாக வைத்துக்கொண்டு, இரவு அறையிலேயே தயிர், பழம், ரொட்டி என்று முடிப்பது எளிது.

செவில்லாவுக்கே உரிய தபாஸ் (சிறு தட்டில் வரும் உணவு) ஒன்று உண்டு, பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டு மசித்தது. எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ் என்று கேட்க வேண்டும். உங்கள் அம்மா தட்டில் வைத்ததும் அடையாளம் கண்டுகொள்வார். சல்மோரேஹோ என்ற தக்காளிக் குளிர்க்கூழும் நன்றாக இருக்கும், ஆனால் மேலே ஹாமும் முட்டையும் தூவி வரும். சொல்லித் தவிர்க்க வேண்டும். சாந்தா கதலீனா தேவாலயம் பக்கத்தில் 1670-இல் தொடங்கிய எல் ரின்கொன்சில்லோ என்ற பார் இருக்கிறது. கணக்கை மர மேடையிலேயே சாக்பீஸால் எழுதுவார்கள், அந்தக் கீரை அங்கேயும் கிடைக்கும். மகளுக்கு அந்த சாக்பீஸ் கணக்கு பிடிக்கும்.

ஞாயிறு சூப்பர்மார்க்கெட்டுகள் பெரும்பாலும் மூடியிருக்கும். நீங்கள் திங்கள் வருவதால் கவலையில்லை.

நெல்லை_கணபதி:
அரிசி குக்கரைக் கொண்டுபோகிற வழக்கம் உள்ளவர்களுக்கு: பல ஹோட்டல்களில் அறையில் சமைக்க விடமாட்டார்கள். அடுக்களையோடு கூடிய அபார்ட்-ஹோட்டல் என்று ஒரு வகை உண்டு. வரவேற்பில் ஆள் இருக்கும், லிஃப்ட் இருக்கும், சமையலறையும் இருக்கும். யாழினி அம்மா சொன்ன சங்கடமும் குறைவு.

சுற்றும்கால்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் தனியாள், முப்பதுக்குள் வயது, இரவு வாழ்க்கை பிடிக்கும். நான் எங்கே தங்குவது?

யாழினி:
@சுற்றும்கால் அலமேடா. 1574-இல் சதுப்பு நிலத்தை வடித்து மரம் நட்டு உருவாக்கிய நீளமான திடல். ஒரு முனையில் ரோமானியத் தூண்கள் இரண்டு, மேலே ஹெர்குலீசும் ஜூலியஸ் சீசரும். கீழே பகலில் குழந்தைகள் பந்து விளையாடும், இரவில் இரண்டு பக்கமும் பார்கள். எல்லா வகை மனிதர்களும் இயல்பாகப் புழங்கும் இடம். வியாழன் காலை பக்கத்து ஃபெரியா தெருவில் பழைய சாமான் சந்தை. சுற்றுலாக் கூட்டம் பேராலயப் பக்கத்தைவிடக் குறைவு. கோவைக்காரி அக்காவுக்கு அது ஒத்துவராது, உங்களுக்கு அதுதான்.

சுற்றும்கால்:
நன்றி! ஈஸ்டர் வாரத்தில் போகலாம் என்று இருக்கிறேன், அதிலும் அலமேடாதானே?

பனங்காடு_பாரிஸ்:
புனித வாரத்துக்கு வேறு கணக்கு தம்பி. பேராலயத்துக்குப் போகிற ஊர்வலங்கள் எல்லாம் கம்பானா, சியெர்பெஸ் தெரு, சான் ஃபிரான்சிஸ்கோ சதுக்கம், கான்ஸ்திதூசியோன் அவெனிதா வழியாகத்தான் போகும். அந்தப் பாதை நெடுக இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு அடைத்துவிடுவார்கள். நீங்கள் தங்குமிடம் ஒரு பக்கம், பெட்டியோடு வந்து இறங்குவது மறுபக்கம் என்றால் மணிக்கணக்கில் கடக்க முடியாது. அலமேடா பக்கம் நிறைய ஊர்வலம் வரும், பார்க்க நல்ல இடம்தான். ஆனால் வியாழன் இரவு விடிய விடிய நடக்கிற மத்ருகா ஊர்வலங்களின்போது ஊரே உறங்காது. மக்கரேனா மாதா அந்த இரவு கோயிலை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வரப் பகல் ஆகிவிடும். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சனத்துக்குள் மாட்டாமல், வாரம் தொடங்க முதலே போய் இறங்கிவிடுங்கோ.

நிர்வாகி:
தனியாகப் போகிறவர்கள் பற்றித் தொடர வேண்டுமானால் புதிய இழை தொடங்கலாம். இங்கே கோவைக்காரி கேட்டதை முடிப்போம்.

மாட்ரிட்_சுந்தர்:
முடிக்கிறேன். எல் அரெனால். யாரும் அதை நேரடியாகச் சொல்லவில்லை. பேராலயத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே, பழைய துறைமுகத்தின் கரை. காளைச் சண்டை அரங்கம் அங்கேதான். பேராலயம் சில நிமிட நடை, தரை சமம், ட்ரியானா பாலமும் பத்து நிமிடத்தில். ஆற்றோர அகலச் சாலையில் பெரிய டாக்சி வந்து நிற்கும், அங்கிருந்து பெட்டியை இழுக்க வேண்டிய தூரம் கொஞ்சம்தான். அதிரியானோ தெருப் பக்கம் பாருங்கள். ஆற்றோரச் சாலையையே பார்த்த ஜன்னல் என்றால் வாகன இரைச்சல், ஆகவே ஒரு தெரு உள்ளே.

திண்ணை சொன்ன மதியத் தூக்கமும் கிடைக்கும், ஆற்றங்கரை சொன்ன சந்தைக்கும் காலையில் நடந்து போகலாம்.

திண்ணை:
சாந்தா க்ரூஸ் பக்கத்திலேயே என்பதால் ஒப்புக்கொள்கிறேன். ஒரு ராத்திரியாவது பதினொன்றரைக்கு அந்தச் சந்துகளில் நடந்துவிட்டு வாருங்கள்.

நெல்லை_கணபதி:
வாடகையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் அம்மா. அதே தரத்தில் சான் பெர்னார்தோ மலிவாகவே இருக்கும். டிராமில் அப்பாவுக்கு உட்கார இடமும் கிடைக்கும். நான் என் கட்சியை விடவில்லை.

கோவைக்காரி:
எல்லாருக்கும் மிக்க நன்றி. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். அரெனாலில் ஒரு அபார்ட்-ஹோட்டல் கிடைத்தது, இரண்டாவது மாடி, முற்றப் பக்கம். லிஃப்ட் தெருமட்டத்திலிருந்தா என்று எழுதிக் கேட்டேன். வாசலில் ஒரு படி, அதற்குச் சரிவுப் பலகை உண்டு என்று படம் பிடித்து அனுப்பினார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை போட்டாயிற்று. ஃபெரியா வாரத்தில் நான் பார்த்த விலையில் பாதிதான் வருகிறது. கிரனாடாவில் ஒரு இரவு கூட்டிவிட்டோம்.

மகளுக்கு மொட்டைமாடி போனதில் வருத்தம். ஹிரால்டா மேலேயே ஏறலாம் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன். அப்பாவால் ஏற முடியுமா?

மாட்ரிட்_சுந்தர்:
அந்தக் கோபுரத்தில் படிக்குப் பதில் சாய்தளம், முப்பத்தைந்து சுற்று. அது மசூதிக் கோபுரமாக இருந்த காலத்தில் பாங்கு சொல்பவர் குதிரையிலேயே மேலே போவதற்காக அப்படிக் கட்டியதாகச் சொல்வார்கள். கடைசியில் கொஞ்சம் படி உண்டு. முட்டிக்குப் படியைவிட நல்லது, ஆனால் இறக்கத்தில் சிரமம் தெரியும். சுற்றுக்குச் சுற்று ஜன்னல் இருக்கிறது, நின்று நின்று ஏறட்டும். முடியவில்லை என்றால் கீழே ஆரஞ்சு மர முற்றத்தில் உட்கார்ந்திருக்கலாம். அல்காசருக்கு மட்டும் நேரம் குறித்த டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள், காலை முதல் நேரம்.

சுற்றும்கால்:
நிர்வாகி மன்னிக்க. ஈஸ்டர் விலையைப் பார்த்துவிட்டு ஆகஸ்டுக்கு மாற்றலாமா என்று யோசிக்கிறேன், பாதி விலைதான் காட்டுகிறது. சென்னை வெயிலையே பார்த்தவன், தாங்கமாட்டேனா?

பனங்காடு_பாரிஸ்:
பாதி விலைக்குக் காரணம் இருக்கிறது தம்பி. நாற்பது டிகிரியைத் தாண்டும், வேர்வை உடனே காய்ந்துவிடும், அதனால் தண்ணீர் குறைவது தெரியாது. சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகும். நீங்கள் நினைக்கிற சின்ன பார்களில் பாதி விடுமுறைக்குப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போயிருக்கும். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் ஏரியாவை மறந்துவிட்டு, ஏசி அறைக்கு அறை இருக்கிற, மாடியில் நீச்சல் குளம் உள்ள ஹோட்டலாகப் பாருங்கோ. அக்டோபரில் போனால் அலமேடா.